வைத்தியர் கிறீன்: பெற்ற நாடும் உற்ற நாடும்

பாசிக்குடாக் கடலைக் கண்டார் அதன் அமைதியை எளிதில் மறவார். அலையெழாத ஆழமற்ற நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லலாம். அவ்வழகை நாடி மேனாட்டார் பலர் இந்நாளில் இங்கு வருகின்றனர். கரையோரமெங்கும் விடுதிகள் எழுந்துவிட்டன. வருவாருடைய நடையும் உடையும் நம் இளைஞரைக் கவர்கின்றன. அதனைக் காணும் முதியோர் சிலர், இவையெல்லாம் கிறித்தவ சமயம் கொண்டுவந்த கோலங்களே என்று குறைகூறுவர். கிறித்தவ அன்பர் சிலரோ மேனாட்டு நாகரிகம் முழுவதும் தம் வேதத்தின் விளைவே என்று பெருமை பேசுவர். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது என் கருத்து. ஒரு நாட்டின் பழக்கவழக்கம் வேறு. அந்நாட்டார் சிலர் கைக்கொண்ட சமயம் வேறு. இவ்வேறுபாட்டை வாயால் உரைத்ததோடு அமையாது வாழ்ந்தும் காட்டிய அமெரிக்கர் ஒருவர் நம் ஈழநாட்டில் இருந்தார். மானிப்பாய் வைத்தியர் கிறீன் என நம் முன்னோர் போற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் அவரே.

மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்து வரலாற்றிற்குச் செல்வது நெடுவழிதான். ஆயினும் அவ்விரு வரலாறுகளும் அடுத்தடுத்தே தொடங்கின. 1814ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உவெசுலியன் சங்கத்தைச் சார்ந்த வில்லியம் ஓல்ட் என்பார் மட்டக்களப்புக்கு வந்து கல்வித் தொண்டு தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே இம்மண்ணில் உயிர் நீத்தார். 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். அம்மிசனாரை அனுப்பிய நாடும் அவர்தம் சமய ஒழுக்கமும் எத்தகையன என்பதை அறியாதார்க்குக் கிறீனின் வாழ்வு முழுதும் விளங்காது. ஆகலின் முதலில் அதனைச் சிறிது நோக்குவோம்.

அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதி நியூ இங்கிலாந்து எனப்படும். அங்குக் குடியேறிய பியூரித்தானியர் வேதாகமத்தைத் தம் வாழ்வின் அளவுகோலாகக் கொண்டோர். ஓய்வுநாளை வழுவாது காத்தல், ஆடம்பரத்தை வெறுத்தல், கடனஞ்சி வாழ்தல், காலையும் மாலையும் குடும்பமாக அமர்ந்து வழிபடுதல் ஆகியன அவர்தம் நெறி. அவர் வழியில் வந்த சபையினர் பழைமையைப் பேணுவோராயினும் தம் நாட்டு அரசின் முன் வாய்மூடி இருந்தாரல்லர். யாழ்ப்பாணத்துக்குத் தொண்டரை அனுப்பிய அதே பொஸ்ரன் சங்கம், அமெரிக்கப் பழங்குடியினராகிய செரோக்கி மக்களிடையேயும் பணி செய்தது. அம்மக்களை அவர்தம் தாயகத்தினின்று பெயர்க்க அரசு முற்பட்டபோது, சங்கத்தின் செயலாளராகிய எரேமியா எவாட்ஸ் என்பார் 1829ஆம் ஆண்டில் தலைநகர்ப் பத்திரிகை ஒன்றில் 24 கட்டுரைகள் வரைந்தார். உடன்படிக்கையை மீறி ஒரு மக்களின் நிலத்தைப் பறித்தல் தேசத்தின்மேற் பழி சுமத்தும் பாவம் என்பது அவற்றின் கருத்து. 1830ஆம் ஆண்டில் பெயர்ப்புச் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டு எவாட்ஸ் இறந்தார். அவ்வாண்டிலேயே சங்கத்தின் தொண்டர் சாமுவேல் உவூஸ்ரர், ஜோர்ஜியா நாட்டுச் சட்டத்திற்குப் பணிய மறுத்துச் சிறைபுகுந்தார். 1832இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தும் பயனில்லை. 1838, 1839ஆம் ஆண்டுகளில் செரோக்கியர் துரத்தப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வழியில் மடிந்தனர்.

இவ்வாறு தம் நாட்டை இடித்துரைத்த சங்கத்தார் அடிமை வணிகத்தின் திறத்தில் அத்துணை உறுதி காட்டவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. அடிமைகளை உடையாரோடு உறவு அறுக்கச் சங்கம் தயங்கிற்று. அத்தயக்கத்தைப் பொறாதார் சிலர் 1846ஆம் ஆண்டில் வேறொரு மிசன் சங்கம் அமைத்தனர். நன்மக்கட்கும் தம் காலத்து இருள் கண்ணை மறைப்பதுண்டு. ஆயினும், நாடு செய்வதெல்லாம் தெய்வச் செயலன்று, நாட்டையும் வேதத்தின் நிறைகோலில் நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் எண்ணம் அச்சபையினரிடத்து வேரூன்றி இருந்தது. அச்சூழலிலே கிறீன் பிறந்தார்.

மசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர் நகரையடுத்துக் கிறீன் ஹில் என்னும் குடும்ப நிலம் இருந்தது. அங்கே 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர்த் திங்கள் 10ஆம் நாள் அவர் பிறந்தார். உடன்பிறந்தார் பலர். அவருள் இரண்டாண்டு மூத்தவராகிய அன்று ஹஸ்வெல் கிறீன் என்பாரை இங்குக் குறித்தல் வேண்டும். ஒரே கூரையின் கீழ் ஒரே ஒழுக்கத்தில் வளர்ந்த இவ்விருவரும் நியூயோர்க் நகரத்துக்குச் சென்றனர். மூத்தவர் சட்டம் பயின்றார். இளையவர் மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார்.

அந்நாளில் நியூயோர்க் செல்வமும் வறுமையும் ஒருங்கே பெருகி வந்த மாநகரம். அங்கே தொழில் நடத்தியிருப்பின் இளைய கிறீனுக்குப் பொருளும் புகழும் வந்திருக்கும். அவர் அதனை விரும்பவில்லை. மருத்துவத்தை வேதத் தொண்டின் கருவியாகக் கொள்ள எண்ணினார். யாழ்ப்பாணத்திலே 1820 முதல் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்த யோன் ஸ்கடர், அவர்க்குப்பின் வந்த உவாட் ஆகியோரின் பணியைத் தொடர ஒருவர் வேண்டியிருந்தது. கிறீன் அதற்கு இசைந்தார். 1847ஆம் ஆண்டிற் கப்பலேறி அவ்வாண்டிலேயே வட்டுக்கோட்டை சேர்ந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து.

அவர் வந்த காலத்து யாழ்ப்பாணம் வியத்தகு மாறுதல் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அந்நாளில் உயர்கல்விக்குப் பேர்பெற்றது. அங்குப் பயின்ற மாணாக்கர்க்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆகிய பெயர்களை நம் இலக்கிய வரலாற்றில் இன்றும் காண்கின்றோம்.  பெயரோடு உடையும் மாறிற்று. ஆங்கிலங் கற்றவர் அரசாங்க உத்தியோகம் பெற்று, ஊரை விட்டுத் தென்னிலங்கைக்கும் இந்தியாவுக்கும் சென்றனர். கல்வி பெருகப் பெருகக் கற்றோர் ஊருக்கு அயலாராயினர்.

1855ஆம் ஆண்டில் பொஸ்ரன் சங்கத்தின் சார்பில் றூபஸ் அன்டர்சன் முதலியோர் யாழ்ப்பாணத்துக்கு வந்து இந்நிலையை ஆராய்ந்தனர். சுவிசேடம் கூறுதலும் சுதேசச் சபைகளைத் தம் காலில் நிற்கச் செய்தலுமே மிசனின் கடன், மேனாட்டு நாகரிகத்தைப் பரப்புதல் அன்று என்பது அன்டர்சனின் கொள்கை. அவ்வாண்டிற் செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தார் பெரிதும் மனம் நொந்தனர். ஆங்கிலக் கல்வியின் வாயில் அடைபட்டது என்னும் குறை நெடுநாள் இருந்தது. அக்கொள்கையின் ஒரு பாதியை மட்டும் கைக்கொண்டு கல்வியைக் குறைத்தார் பலர். கிறீன் அதன் மறுபாதியையும் கண்டார். மேனாட்டு உடையும் மொழியும் வேதத்துக்கு இன்றியமையாதன அல்ல எனின், மேனாட்டு அறிவும் ஆங்கிலத்துக்குள்ளேயே அடைந்துகிடத்தல் வேண்டுவதில்லையே. அவ்வறிவைத் தமிழிலே தருதல் கூடும் என்று அவர் துணிந்தார்.

அவர் மானிப்பாயில் 1848ஆம் ஆண்டு முதல் மாணாக்கர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்து வந்தார். முதலிற் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. கற்றுத் தேர்ந்தோர் ஊதியம் மிக்க இடங்களை நாடிச் செல்வதைக் கண்டார். கிராமத்து நோயாளியின் மொழியிற் கற்றவனே கிராமத்தில் தங்குவான் எனத் தெளிந்தார். அதற்குத் தாம் முதலிற் தமிழ் கற்றல் வேண்டும். அதனைச் செவ்வனே கற்றார். 1852ஆம் ஆண்டில், கல்வின் கற்றர் என்னும் அமெரிக்கர் எழுதிய நூலைத் தழுவி, அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் முத்துறை பற்றிய தமிழ்நூல் வெளிவந்தது. இன்று நாம் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் என வழங்குவனவற்றிற்கு அந்நாளில் ஆக்கிய பெயர்கள் அவை. 1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது.

அவ்வாண்டின் இறுதியில் உடல் நலிந்து தாயகம் சென்றார். அங்கு அவர் தங்கியிருந்த காலத்தில், 1861ஆம் ஆண்டில், வடக்கும் தெற்குமாகப் பிரிந்து அமெரிக்கர் தம்முட் போர் தொடங்கினர். கிறித்தவ நாடு எனத் தன்னைக் கூறிக்கொண்ட நாட்டில், ஒரே வேதத்தை ஓதிய இருதிறத்தாரும் ஒருவரையொருவர் கொன்றனர். அப்போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1862இல், மார்கரற் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியை மணந்து, அவரோடு மீண்டும் மானிப்பாய் வந்து சேர்ந்தார்.

அதன்பின் கழிந்த பதினோராண்டும் அவர் வாழ்வின் நற்பயன் விளைந்த காலம். 1864ஆம் ஆண்டில் மருத்துவ வகுப்பு முற்றும் தமிழிலே தொடங்கிற்று. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர். 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும் அச்சேறின. டன்வேத், சப்மன், சுவாமிநாதன் முதலிய மாணாக்கர் அவர்க்குத் துணைநின்றனர். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4,500 பக்கங்கள் என்பர். கலைச்சொல் ஆக்கத்தில் அவர் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலிற் தமிழிற் தேடுதல். அங்குக் கிடையாதாயின் வடமொழியிற் தேடுதல். அங்கும் இல்லையாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் வடித்தல். இன்று அவர் நூலைப் படிப்பார்க்கு வடசொல் மிகுதியாகத் தோன்றும். கெமிஸ்தம் என்னும் பெயரைக் கண்டு நம் மாணாக்கர் நகைக்கவும் கூடும். வழியில்லாக் காட்டில் முதலிற் சென்றவன் அடிச்சுவடு கோணலாயிருத்தல் இயல்பு என்பதை அவர்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டும்.

கிறீனின் சமயப் பற்றைக் குறைத்துக் கூறி, அவரைத் தமிழ்த் தொண்டராக மட்டும் காட்டுவது சிலர் வழக்கம். அது நேர்மையன்று. அவர் உறுதியான சுவிசேடகர். மருந்து கொடுக்கத் தொடங்குமுன் நாள்தோறும் கூடியிருந்த நோயாளர்க்கு வேதம் வாசித்துச் செபம் செய்தல் அவர் நியமம். தமிழர் அனைவரும் கிறித்துவைப் பணிதல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். மருந்தைக் காட்டி மதம் மாற்றுதல் முறையோ என்று சைவப் பெருமக்கள் வினாவியதில் நியாயம் உண்டு. நோயால் நைந்தவன் மறுத்துரைக்க வலியற்றவன் அல்லனோ? கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டின் இறுதியில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பது நினைக்கத்தக்கது. மிசனாரின் சமயப் பிரசாரத்தை எதிர்த்து நாவலர் வாழ்நாள் முழுவதும் போராடினார். இருவர் கொள்கையும் இரு துருவம். ஆயினும் தமிழன் தன் உடையையும் ஊணையும் மொழியையும் இழந்து வேறொருவனாதல் கூடாது என்பதில் இருவர் உள்ளமும் ஒன்றுபட்டன. ஒருவர் சைவத்தைக் காக்கும் பொருட்டு அவ்வாறு எண்ணினார். மற்றவர், கிறித்தவனாகிய தமிழனும் தமிழனாகவே இருத்தல் வேண்டும் என்று எண்ணினார்.

1873ஆம் ஆண்டில் அவர் நம்மிடமிருந்து விடைபெற்றார். தாயகத்திலிருந்து தம் மாணாக்கர்க்கு எழுதிய கடிதங்களில் இவ்வெண்ணம் இன்னும் கூர்மை பெற்றது. காற்சட்டையும் கோட்டும் தமக்கு வரவர வெறுப்பைத் தருகின்றன என்றும், கீழ்நாட்டு உடையே நும்மனோர்க்குத் தகும் என்றும் எழுதினார். தாம் திரும்பி வரும் ஒருநாளில், மரக்கறி உண்டு வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் மாட்டிறைச்சி உண்பாராகவும், வேட்டி சேலை உடுத்தோர் காற்சட்டையும் கவுனும் அணிந்தோராகவும் இருக்கக் காணின் மனம் புழுங்க நேரும் என்றும் குறித்தார். தம் நாட்டு உடையைத் தாமே உடுத்துக்கொண்டு, தம் நாட்டு உணவைத் தாமே உண்டுகொண்டு இவ்வாறு எழுதுவது எளிதன்று. அவை தமக்குப் பொருந்தும். உலகத்துக்கெல்லாம் பொருந்தும் சட்டம் அல்ல என்று உணர்ந்தவரே அவ்வாறு எழுத முடியும்.

தமையன் அன்று கிறீனின் செயலை இவ்விடத்து ஒப்புநோக்குதல் பயன்தரும். தம்பி மானிப்பாயில் தமிழ்நூல் எழுதிக்கொண்டிருந்த காலத்தே, தமையன் நியூயோர்க்கின் நடுவண் பூங்காவை அமைத்த ஆணைக்குழுவில் முதன்மை பெற்றிருந்தார். அந்நாளில் துவீட் என்பாரின் கூட்டத்தார் பொய்க் கணக்கெழுதி நகரத்துப் பொதுப்பணத்தைச் சூறையாடினர். 1871ஆம் ஆண்டில் அக்கொள்ளை வெளிப்பட்டபோது நகரத்தின் கணக்கைக் காக்கும் பொறுப்பு அன்று கிறீனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1876 வரை அப்பதவியிலிருந்து, ஐயத்துக்குரிய பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் சோதித்துப் பணங்கொடுக்க மறுத்தார். கேட்டவர் பலர் பகைத்தனர். அவர் சமயப் போதகர் அல்லர். எனினும் கணக்கிற் பொய் புகுதலைப் பொறாத அக்கண்டிப்பிலே கிறீன் ஹில் இல்லத்தின் வளர்ப்பை நாம் காணலாம். தமையன் தன் நகரத்தின் செல்வத்தைக் கண்டு மயங்கவில்லை. தம்பி தன் நாட்டின் நாகரிகத்தைக் கண்டு மயங்கவில்லை.

கிறீனின் இறுதிக்காலம் அமைதியானது. பிறந்த வீட்டிலிருந்தே தபால் வழியாக யாழ்ப்பாணத்து மாணாக்கரோடு சேர்ந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். பல்லாயிரம் காதம் கடந்து தாள்கள் சென்றும் வந்தும் கொண்டிருந்தன. மனுஷ சுகரணம் 1883ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் தம் 61ஆம் வயதில் அவர் இறந்தார். தமிழர்க்கு மருத்துவச் சுவிசேடகர் என்னும் தொடர் அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது. அமெரிக்க மண்ணிலே கிடக்கும் அக்கல் அவரை நம்மவராகவே அறிமுகஞ் செய்கின்றது. அவருடைய கடிதங்கள் 1891ஆம் ஆண்டில் நூலாயின. பிறந்த நிலம் 1905ஆம் ஆண்டில் வூஸ்ரர் நகரத்தார்க்குப் பூங்காவாக அளிக்கப்பட்டது. மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை உண்டு. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் அவரைப் பற்றி நூல் எழுதி நம்மவர்க்கு நினைவூட்டினார்.

அவர் வளர்த்த தமிழ் மருத்துவக் கல்வியோ அவருக்குப்பின் நெடுநாள் நிற்கவில்லை. 1870ஆம் ஆண்டில் கொழும்பிலே மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அங்கு ஆங்கிலமே பயிற்றுமொழி. அரசாங்க உத்தியோகம் அப்பக்கம் இருந்தது. மாணாக்கரும் அப்பக்கமே சென்றனர். பின்னர் 1978ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவ பீடம் அமைந்தபோதும் பாடம் ஆங்கிலத்தில்தான். மானிப்பாயிலிருந்து சிறிது தொலைவிலே, நூறாண்டு சென்றபின், அவர் செய்த செயலை நாம் மீண்டும் செய்யத் துணியவில்லை. இதற்குரிய காரணங்களை மருத்துவ அறிஞர் பல கூறுவர். உலக அறிவு ஆங்கிலத்தில் விரைந்து வளர்கின்றது என்பர். அது மெய்யே. ஆனால் தமிழாற் கூடாது என்று மட்டும் எவரும் கூறுதல் இயலாது. கூடும் என்பதற்கு 4,500 பக்கச் சான்று இருக்கின்றது. அச்சான்றை எழுதத் தூண்டியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர்.

ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மனோர் கிறீனின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது யாது? தம் சமயத்தில் அழுத்தமாக நின்றவர், அவ்வழுத்தத்தினாலேயே தம் நாட்டின் பழக்கத்தை மேலாகக் கொள்ளாது விட்டார். எது நிலையானது என்பது அவர்க்குத் தெளிவாயிருந்தமையால், உடையும் ஊணும் மொழியும் மாறுவன, இடத்துக்கேற்பன என்பதும் தெளிவாயிற்று. நாம் சைவராயினும் கிறித்தவராயினும் இசுலாமியராயினும் இத்தெளிவு நமக்கு வேண்டும். பாசிக்குடாக் கரையில் நின்று மேனாட்டாரைப் பார்க்கும் நம் மாணாக்கன், அவரை வெறுக்கவும் வேண்டா. அவராக மாறவும் வேண்டா. அவரிடமுள்ள அறிவைக் கேட்டறிந்து தன் மொழியில் எழுதி வைப்பானாயின் அதுவே போதும். அம்மாணாக்கனுக்கு மானிப்பாய் வைத்தியரின் கதையை ஒருநாள் வகுப்பில் எடுத்துரைப்பது நம் கடன்.